தவழாமல் நடந்த பிள்ளை: குழந்தையின் உடல் எப்படிக் கற்கிறது?

என் அக்கா மகள் தவழவே இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு காலை மடித்து, இன்னொரு காலை நீட்டி, உட்கார்ந்த நிலையிலேயே தரையைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு அப்படியே வந்து பாட்டியின் புடவையைப் பிடித்து இழுப்பாள். எங்களுக்கெல்லாம் அது பார்க்க அழகாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. "தவழாத பிள்ளைக்கு முதுகுல பலம் இருக்காது" என்று உறவில் ஒருவர் சொல்லிவிட்டார். கைப்பேசியில் வைத்திருந்த ஒரு செயலியும் வாரம் தவறாமல் "உங்கள் குழந்தை இப்போது தவழத் தொடங்கியிருக்கும்" என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியில் பாதி விடுபட்டுப் போகிறது என்று தெரிந்தது. "எத்தனை மாசத்துல?" என்று மட்டும் கேட்கிறோம். எந்தத் தரையில், யாருடைய கையில், எந்த வழக்கத்துக்கு நடுவில் அந்தக் குழந்தை வளர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். குழந்தை தன் உடலைத் தானே ஆளக் கற்பதைத்தான் இயக்கத் திறன் வளர்ச்சி என்கிறார்கள். கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது, நடப்பது எல்லாம் பெரிய தசைகளின் வேலை. கிலுகிலுப்பையை எட்டிப் பிடிப்பது, தரையில் கிடக்கும் ஒரு பொரியை இரண்டு விரலால் பொறுக்குவது எல்லாம் சின்னத் தசைகளின் வேலை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

இந்த வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே பருவங்களின் வரிசைதான். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையசைக்கும் ஐந்தாம் மாதத்துக் குழந்தை செங்கீரை ஆடுகிறது. ஒன்பதாம் மாதம் இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. தளர்நடை போட்டு வரும் குழந்தையை வாவென்று அழைப்பது வருகைப் பருவம். தொட்டிலருகில் உட்கார்ந்து உற்றுப் பார்த்த யாரோ ஒருவரின் கண் இதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

உள்ளே ஓடும் கடிகாரம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் என்பவர் இதையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் படம்பிடித்து, எந்த வயதில் எது வருகிறது என்று அட்டவணை போட்டார். இன்று குழந்தை மருத்துவரின் அறையில் தொங்கும் வளர்ச்சி அட்டவணைகளுக்கு அவருடைய வேலையும் ஒரு மூதாதை.

அவருடைய விளக்கம் எளிமையானது. குழந்தைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நரம்பும் மூளையும் முதிரும்போது திறன் தானாக வெளிப்படும். மொட்டு விரிவதைப் போல.

இதற்கு ஆதாரமாக 1929-ல் ஒரு சோதனை வெளியானது. ஒரே மாதிரியான இரட்டைக் குழந்தைகளில் ஒருத்திக்கு மட்டும் 46-வது வாரத்திலிருந்து ஆறு வாரம் தினமும் படியேறப் பயிற்சி தந்தார்கள். மற்றவளுக்குப் பயிற்சியே இல்லை. 53-வது வாரத்தில் இரண்டாமவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிவந்தபோது அவளும் ஏறினாள். இரண்டே வாரப் பயிற்சியில் அக்காவை ஏறக்குறைய எட்டிப் பிடித்தும்விட்டாள். அப்படியானால் பயிற்சியால் பெரிய பயனில்லை, முதிர்ச்சிதான் முக்கியம் என்று முடிவு கட்டினார்கள்.

முடிவு பாதி சரி. ஆறு மாதக் குழந்தைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அது மாடிப்படி ஏறப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சியில்லாத அந்த இரண்டாவது குழந்தை ஆறு வாரமும் கட்டிலில் கட்டிப்போடப்பட்டிருக்கவில்லை. உருண்டாள், தவழ்ந்தாள், பிடித்து நின்றாள். படிக்கட்டு இல்லையே தவிர, கைகாலுக்கு வேலை இருந்தது. அனுபவம் இல்லாத குழந்தை என்று ஒன்று அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. இந்த ஓட்டையைப் பலரும் பின்னாளில் சுட்டிக்காட்டினார்கள்.

காணாமல் போகும் அடிகள்

கடிகாரக் கதையை உண்மையில் ஆட்டிப் பார்த்தது வேறொரு புதிர். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

பிறந்து சில நாளே ஆன குழந்தையை அக்குளில் பிடித்து, பாதம் தரையில் படும்படி நிமிர்த்திப் பிடித்தால், அது ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைக்கும். நடப்பதைப் போலவே இருக்கும். இதை அனிச்சைச் செயல் என்பார்கள். ஆனால் இரண்டு மாதம் வாக்கில் இது மறைந்துவிடும். அதே குழந்தையை அதே மாதிரி பிடித்தாலும் கால் அசையாது. அப்புறம் பல மாதங்கள் கழித்துத்தான் உண்மையான நடை வரும்.

ஏன் மறைகிறது? மூளையின் மேற்பகுதி முதிர்ந்து, பழைய அனிச்சையை அடக்கிவிடுகிறது என்பதுதான் பாடப்புத்தக விடை. எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு அதில் ஒரு நெருடல் இருந்தது. அதே மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் கால்களை மாற்றி மாற்றி உதைக்கிறதே? அந்த உதைப்பின் தாளமும், பிறந்த குழந்தை அடியெடுத்து வைத்த தாளமும் ஒன்றுபோலவே இருந்தன. மூளை அடக்கியிருந்தால் படுத்திருக்கும்போது மட்டும் எப்படி விட்டுக்கொடுக்கும்?

அவர் மூளையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். முதல் இரண்டு மாதத்தில் குழந்தையின் தொடை மளமளவென்று பருக்கிறது. கொழுப்பு சேரும் வேகத்துக்குத் தசையின் பலம் கூடுவதில்லை. படுத்த நிலையில் உதைப்பது சுலபம், பாதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். நிமிர்ந்த நிலையில் கனத்த காலை முழுக்க எதிர்த்துத் தூக்க வேண்டும். குழந்தைக்குக் கால் கனக்கிறது, அவ்வளவுதானோ?

1984-ல் தெலனும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். அடியெடுத்து வைக்கும் சிறு குழந்தைகளின் காலில் சின்ன எடைகளைக் கட்டினார்கள். அடிகள் குறைந்தன. அடியெடுப்பதை நிறுத்திக்கொண்டிருந்த குழந்தைகளை மார்பளவு வெதுவெதுப்பான நீருள்ள தொட்டியில் நிமிர்த்திப் பிடித்தார்கள். நீர் காலைத் தாங்கியது. மறைந்துபோன அடிகள் திரும்ப வந்தன.

ஒரு தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு மூளை பற்றிய ஒரு பழைய முடிவை அசைத்துவிட்டார். அடுத்து, தானாக நடக்கத் தெரியாத ஏழு மாதக் குழந்தைகளை மெதுவாக ஓடும் டிரெட்மில் மேல் பிடித்துப் பார்த்தார். பட்டை காலைப் பின்னால் இழுத்ததும் அவர்களும் பெரியவர்களைப் போல மாற்றி மாற்றி அடி வைத்தார்கள்.

இதிலிருந்து வந்த கருத்துதான் இந்தக் கட்டுரையின் மையம். நடை என்பது மூளையில் எழுதிவைத்த ஒரு கட்டளை நேரம் வந்ததும் வெளியே வருவதல்ல. காலின் கனம், தசையின் பலம், நிலைகொள்ளும் திறன், பார்வை, ஆசை, காலுக்குக் கீழே இருக்கும் தரை, பிடித்திருக்கும் கை எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவரும்போது நடை உண்டாகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் நடை முந்தும், பிந்தும், வேறு உருவம் எடுக்கும். அப்படிப் பார்த்தால், ஒரு சமூகம் குழந்தையை எப்படித் தூக்குகிறது, எங்கே கிடத்துகிறது என்பது நடையின் ஒரு பகுதியே.

கோக்வெட்டில் தோண்டிய குழி

கென்யாவின் மேற்குப் பகுதியில் கிப்சிகிஸ் என்ற மக்கள் வாழ்கிறார்கள். 1970-களில் சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் அவர்களுடைய கோக்வெட் என்ற ஊரில் தங்கிக் குழந்தைகளைக் கவனித்தார்.

அதற்கு முன்பே, 1950-களில், உகாண்டாவில் வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர் மார்செல் கேபர், ஆப்பிரிக்கக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட முந்தி உட்கார்கிறார்கள், முந்தி நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பலர் இதைப் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். இனத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை அல்லவா. சூப்பர் மேற்கொண்டு யோசித்தார்.

கோக்வெட் தாய்மார் உட்காருவதைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தரையில் ஆழமில்லாத ஒரு சின்னக் குழி தோண்டி, அதில் குழந்தையை உட்காரவைத்து, முதுகுக்குத் துணியைச் சுருட்டி அண்டக்கொடுப்பார்கள். மடியில் நிறுத்திக் குதிக்கவைப்பார்கள். பிறகு கையைப் பிடித்து நடத்துவார்கள். உட்காரப் பழக்குவதற்கும் நடக்கப் பழக்குவதற்கும் அவர்கள் மொழியில் தனித்தனிச் சொற்களே இருந்தன. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவர் மடியிலோ அருகிலோ உட்கார்ந்த நிலையில்தான் கழிந்தது.

அதன்படியே அந்தக் குழந்தைகள் உட்காருவதிலும் நிற்பதிலும் நடப்பதிலும் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தினார்கள். பிறவியிலேயே உடல் முந்தியது என்றால் எல்லாவற்றிலும் முந்தியிருக்க வேண்டும். ஆனால் யாரும் பழக்காத திறன்களில், அதாவது படுத்தபடி தலை தூக்குவதிலும் உருளுவதிலும் தவழ்வதிலும், அவர்கள் முந்தவில்லை. கற்றுக்கொடுத்தது முந்தி வந்தது, கற்றுக்கொடுக்காதது முந்தவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் வேறு பல மக்களிடமும் அவர் விசாரித்தார். தவழக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்ன தாய்மார் அதிகமிருந்த இடங்களில் குழந்தைகளும் முந்தித் தவழ்ந்தார்கள்.

இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கக் குடும்பங்களைப் பார்த்த பிரையன் ஹாப்கின்ஸுக்கும் இதே மாதிரி ஒன்று கிடைத்தது. குளிப்பாட்டிய பிறகு கைகாலைப் பிடித்துவிடுவது, நீட்டி மடக்குவது, கையைப் பிடித்துத் தொங்கவிடுவது எல்லாம் அங்கே பாட்டி சொல்லித்தரும் கலை. அந்தத் தாய்மார் தம் குழந்தை சீக்கிரம் உட்காரும், சீக்கிரம் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள், நடந்ததும் ஏறத்தாழ அப்படித்தான். தவழ்வதை அவர்கள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சில குழந்தைகள் தவழாமலே நடந்தார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் ஆச்சி நினைவுக்கு வந்தார். வாசல் வெயிலில் பலகை போட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைக் கிடத்தி நல்லெண்ணெய் தேய்ப்பார். வலக்கையையும் இடக்காலையும் குறுக்காகக் கொண்டுவந்து சேர்ப்பார், அப்புறம் மறுபக்கம். குழந்தைக்கு அது ஒரு நாளின் பெரிய உடல் அனுபவம். புரட்டப்படுகிறது, நீட்டப்படுகிறது, தன் கைகால் எங்கே இருக்கிறது என்று உணர்கிறது. (மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.)

பிந்தினால் என்ன ஆகும்?

எதிர்ப்பக்கம் இன்னும் சுவாரசியமானது.

தென்னமெரிக்காவின் பராகுவேயில் ஆச்சே என்ற மக்கள் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். காட்டுத் தரையில் பாம்பும் பூச்சியும் முள்ளும் இருக்கும். குழந்தையைக் கீழே விடவே முடியாது. தாய் எந்நேரமும் உடலோடு ஒட்டியே வைத்திருப்பாள். அங்கே குழந்தைகள் நடக்க ஏறக்குறைய 23 மாதம் ஆனது என்று 1987-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் ஊர் அளவுகோலில் இது கவலைப்பட வேண்டிய தாமதம். ஆனால் அதே குழந்தைகள் எட்டு, பத்து வயதில் உயரமான மரங்களில் ஏறி, கையில் வெட்டுக்கத்தியோடு காட்டில் நடமாடினார்கள்.

மத்திய ஆசியாவின் தஜிகிஸ்தானில் கஹ்வோரா என்ற மரத்தொட்டில் தலைமுறை தலைமுறையாகப் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, கைகால் அசையாதபடி துணிப்பட்டையால் கட்டுவார்கள். மேலே கனமான துணி போர்த்துவார்கள். அடியில் ஓட்டை இருக்கும், சிறுநீர் வழிய ஒரு குழாயும் உண்டு. தாய் தொட்டில்மேல் குனிந்தே பால் கொடுப்பாள். ஒரு நாளில் பல மணி நேரம் இப்படிப் போகும். லானா காரசிக், காரன் அடால்ஃப் முதலியோர் இதை ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள். அந்தக் குழந்தைகள் சில திறன்களில் உலக அளவுகோலைவிடப் பிந்துகிறார்கள். ஆனாலும் வளர்ந்து நடந்து ஓடி ஆடும் பிள்ளைகளாகவே ஆகிறார்கள். தொட்டிலுக்கு வெளியே இருக்கும் நேரத்தில் தூக்கவும் கொஞ்சவும் ஒரு குடும்பமே சுற்றி இருக்கிறது.

1940-ல் வேய்ன் டென்னிஸ் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஹோப்பி என்ற பழங்குடி மக்களிடம் பார்த்ததும் இதற்கு நெருக்கமானதே. முதல் மாதங்களில் தொட்டில் பலகையில் கட்டி வளர்த்த குழந்தைகளும், அந்த வழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்களின் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வயதில், சுமார் 15-வது மாதம், நடந்தார்கள். அனுபவம் அவ்வளவு முக்கியமில்லை என்றுதான் டென்னிஸ் அப்போது நினைத்தார்.

இருபது வருடம் கழித்து அவரே அதை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஈரானின் தெஹ்ரானில் இருந்த அநாதை இல்லங்களுக்குப் போனார். இரண்டு இல்லங்களில் குழந்தைகள் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தார்கள். தூக்குவார் இல்லை, புரட்டுவார் இல்லை, பால் புட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வயதில் இருந்த குழந்தைகளில் 60 சதவீதம் பேரால் தனியாக உட்கார முடியவில்லை. நான்காம் வயதில் இருந்தவர்களில் 85 சதவீதம் பேர் நடக்கவில்லை. 1960-ல் அவர் எழுதிய இந்த எண்களைக் கடந்துபோக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழந்தைகளை மடியில் எடுத்து, உட்காரவைத்து, குப்புறப் போட்டுப் பழக்கிய மூன்றாவது இல்லத்தில் நிலைமை மிகவும் மேலாக இருந்தது.

அந்த இரண்டு இல்லங்களில் நகரத் தெரிந்த குழந்தைகளில் பலர் தவழவில்லை, உட்கார்ந்தே நகர்ந்தார்கள். குப்புறப் படுக்கும் வாய்ப்பே கிடைக்காத குழந்தைக்குத் தவழ்வது எப்படி வரும் என்று டென்னிஸ் கேட்டார். இந்த இடத்தில்தான் அக்கா மகளின் கதை எனக்கு விளங்கியது. அவள் புறக்கணிக்கப்பட்டவள் இல்லை, நேர் எதிர். ஆறு பேர் இருந்த வீட்டில் மடி மாற்றி மடி. தரையில் விட்டாலும் சுற்றிலும் தலையணை வைத்து உட்காரத்தான் வைத்தோம். காரணம் வேறு, கிடைத்த பழக்கம் ஒன்று. உட்காருவதில் அவள் கெட்டிக்காரி, அதனால் உட்கார்ந்தே ஊரைச் சுற்றினாள்.

ஆச்சே, தஜிக், தெஹ்ரான் மூன்றிலும் குழந்தையின் உடல் அசைவது குறைவு. ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு என்பது என் கருத்து. முதல் இரண்டிலும் குழந்தைக்கு ஆட்கள் இருந்தார்கள், அடக்கிவைத்த காலம் முடிந்ததும் உலகம் திறந்தது. தெஹ்ரான் இல்லங்களில் ஆட்களும் இல்லை, திறப்பும் இல்லை.

மணிக்கு 17 விழுதல்

சரி, வாய்ப்பு கிடைத்துவிட்டது. குழந்தை அதை வைத்து என்னதான் செய்கிறது? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரன் அடால்ஃபின் குழு இதை எண்ணியே பார்த்தது. 12 முதல் 19 மாதக் குழந்தைகளைத் தாராளமாக விளையாடவிட்டுப் படம்பிடித்தார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடிகள். 17 விழுதல்கள். 2012-ல் வெளியான கணக்கு இது. விழித்து விளையாடும் நேரத்தைப் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள், டஜன் கணக்கான விழுதல்கள். நேர்கோட்டில் நடப்பதும் குறைவு. வளைந்து, நின்று, திரும்பி, எதையோ எடுத்து, அதைப் பாட்டியிடம் கொடுக்கப் போய், பாதியில் மறந்து வேறு பக்கம் போகும்.

நன்றாகத் தவழத் தெரிந்த குழந்தை ஏன் அதை விட்டுவிட்டு, தடுமாறித் தடுமாறி நடக்க வேண்டும்? அதே ஆய்வில் பதில் இருக்கிறது. புதிதாக நடக்கும் குழந்தை, தேர்ந்து தவழும் குழந்தையைவிட அதிகம் நகர்கிறது. எவ்வளவு நகர்ந்ததோ அந்தக் கணக்கில் பார்த்தால் இருவரும் விழுவது ஏறக்குறைய சமம். அதே விழுதலுக்கு அதிக தூரம், அதிகப் பார்வை, போதாக்குறைக்குக் கையும் ஓய்வு. குழந்தைக்கு இது லாபமான வியாபாரம்.

இன்னொரு கண்டுபிடிப்பு பெற்றோருக்கு நேரடியாக உதவும். அடால்ஃப் ஒரு சரிவான மேடை அமைத்து, குழந்தைகளை இறங்கச் சொன்னார். புதிதாகத் தவழும் குழந்தைகள் எவ்வளவு செங்குத்தான சரிவிலும் யோசிக்காமல் தலைகுப்புறப் போனார்கள். பக்கத்தில் ஆள் நின்று பிடித்துக்கொண்டார்கள். பல வாரம் தவழ்ந்து பழகியவர்கள் விளிம்பில் நின்று, பார்த்து, தொட்டுப் பார்த்து, முடியாது என்றால் இறங்க மறுத்தார்கள். அதே குழந்தைகள் நடக்க ஆரம்பித்ததும் பழைய கதைதான். தவழும்போது மறுத்த அதே சரிவில் நின்றபடி நேராகக் காலை வைத்தார்கள்.

தவழ்ந்து கற்ற எச்சரிக்கை நடைக்குத் தானாக வருவதில்லை என்பது இதன் பொருள். ஒவ்வொரு நிலையிலும் தன் உடலால் எது முடியும் என்பதைக் குழந்தை மறுபடி முதலிலிருந்து கற்கிறது. ஆகவே "கட்டில் விளிம்பு தெரியும், அவன் வர மாட்டான்" என்று போன மாதம் வைத்த நம்பிக்கை, பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கிய இந்த மாதம் செல்லாது.

கண்ணில் படாத வழக்கங்கள்

கலாச்சாரம் என்றால் எங்கோ கென்யாவில், தஜிகிஸ்தானில் இருப்பது என்று தோன்றக்கூடும். நம் வீட்டில் இருப்பது நமக்கு வழக்கமாகத் தெரியாது, இயல்பாகத் தெரியும். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

டயப்பர். அடால்ஃபின் குழுவே 13, 19 மாதக் குழந்தைகளை டயப்பரோடும், அது இல்லாமலும் நடக்கவிட்டுப் பார்த்தது. அம்மணமாக நடந்தபோதுதான் நடை மேலாக இருந்தது. டயப்பர் போட்டதும் கால்கள் அகன்றன, தடுமாற்றம் கூடியது. அரைஞாண் மட்டும் கட்டி வீட்டில் ஓடவிட்ட காலத்து நடையும் இன்றைய நடையும் ஒரே மாதிரி இருக்க முடியாது. பயணத்துக்கு டயப்பர் வேண்டியதுதான். வீட்டில் இருக்கும் பகலில் கொஞ்ச நேரம் கழற்றிவிடலாம்.

தூங்கும் விதம். தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணத்தைத் தடுக்க, குழந்தையை மல்லாக்கத் தூங்கவைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994-ல் பெரிய பிரசாரம் தொடங்கியது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கூடவே, மல்லாக்கத் தூங்கும் குழந்தைகள் உருளுவதிலும் தவழ்வதிலும் கொஞ்சம் பிந்தினார்கள். நடக்கும் வயது மட்டும் மாறவில்லை. தூங்கவைக்கும் பக்கத்தை மாற்றியதற்கே அட்டவணை நகர்ந்தது. மல்லாக்கத் தூங்கவைப்பதை யாரும் விட வேண்டாம், அது உயிர் காக்கும் பழக்கம். அதற்கு ஈடாகத்தான், விழித்திருக்கும்போது பக்கத்தில் நாம் இருந்துகொண்டு குழந்தையைக் குப்புறப் போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

பிறந்த மாதம்கூடக் கணக்கில் வரும். குளிர்நாடுகளிலும் குளிர்காலம் உள்ள ஊர்களிலும், கோடையில் தவழும் வயதை எட்டும் குழந்தைகள் குளிரில் எட்டுபவர்களைவிடச் சில வாரம் முந்தித் தவழ்வதை அமெரிக்காவின் டென்வரிலும் இஸ்ரேலின் ஹைஃபாவிலும் பார்த்திருக்கிறார்கள். குளிரில் கனத்த உடுப்பு, தரையில் விடத் தயக்கம்.

அப்புறம் வாக்கர். சக்கரம் வைத்த வளையத்துக்குள் குழந்தையை உட்காரவைக்கும் சாதனம். பெயரில் நடை இருக்கிறது, ஆனால் உடலின் கனத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது, தன் காலைக் குழந்தையால் பார்க்கவும் முடிவதில்லை. இதில் வளர்ந்த குழந்தைகள் உட்காருவதிலும் தவழ்வதிலும் நடப்பதிலும் பிந்தியதாக 1999-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகள் வேறு. கனடா 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை தன் காலில் நின்று, தன் கனத்தைத் தானே தாங்கித் தள்ளுகிறது. பக்கத்தில் ஆள் இருந்தால், இரண்டில் எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் நடைவண்டி என்பேன்.

அட்டவணையை எப்படிப் படிப்பது?

இத்தனையும் சொன்ன பிறகு அட்டவணையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல அட்டவணை ஒற்றைத் தேதியைச் சொல்லாது, ஒரு பரந்த இடைவெளியைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்டது அப்படிப்பட்டது. அதன்படி பிடிப்பில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம். கைகளையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம். எட்டாவது மாதம் நடந்த பிள்ளையும் பதினேழாவது மாதம் நடந்த பிள்ளையும் இந்தக் கணக்கில் ஆரோக்கியமானவர்களே.

அந்த ஆரோக்கியமான குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டிய வரி இதுதான். அவள் மகள் 14-வது மாதம் சோபாவைப் பிடித்து எழுந்து, இரண்டு வாரத்தில் கையை விட்டாள்.

ஆனால் இந்தப் பரந்த இடைவெளியைக் காட்டி உண்மையான தாமதத்தைத் தள்ளிப்போடக் கூடாது. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டுதான்" என்று காத்திருந்து காலத்தை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. நாலு, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காவிட்டால், ஒன்பது, பத்து மாதமாகியும் பிடிப்பில்லாமல் உட்காராவிட்டால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, ஒரு பக்கக் காலை இழுப்பது, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருப்பது ஆகியவற்றுக்கு மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே காட்டலாம். வந்த திறன் திரும்பப் போய்விட்டால், உதாரணமாக உட்கார்ந்த குழந்தை உட்காருவதை நிறுத்திவிட்டால், ஒரு நாளும் தள்ளக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் குழந்தை நகரும் விதத்தைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு போங்கள். புது இடம், புது முகம், ஊசி வாசனை. அங்கே மேசைமேல் உட்காரவைத்தால் பல குழந்தைகள் அம்மாவைக் கட்டிக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கூடவே, பகலில் எவ்வளவு நேரம் தரையில் விடுகிறீர்கள், எவ்வளவு நேரம் மடியில், எவ்வளவு நேரம் தூளியில் அல்லது வாக்கரில் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.